அல்லி நிலையத்து ஐந்துகள்

4-7-1983, திங்கள்

இன்றைய பிழை ஒன்று. காலை ஆறு மணிச் சோதனையில், லாக் புத்தகத்தில் 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 2 என்று எழுதிவிட்டேன். காதில் கேட்டதை எழுதியதால் வந்த பிழை.

நாட்குறிப்பில் அன்றைய பிழையை முதல் வரியிலும் மறுநாள் வேலையைக் கடைசி வரியிலும் எழுத வேண்டும் என்று மாலை வகுப்பில் டைப்ரைட்டிங் சொல்லித்தரும் வசந்தாமணி டீச்சர் சொல்லியிருக்கிறார். நடுவில் என்ன எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

நான் இருப்பது கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்கு அப்பால், மொட்டப்பாறை போலீஸ் வயர்லெஸ் நிலையம். வயர்லெஸில் எங்களுக்கு அல்லி என்று பெயர். டவுனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தாமரை என்று பெயர். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு ஆகிய நான்கு நேரங்களில் அல்லி தாமரையைக் கூப்பிட்டு, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். ஐந்து என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று பொருள். ஒன்று என்றால் யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. பயிற்சிப் பள்ளியில் இந்த எண் போடும் பாடத்தில் நான் முதலாவதாக வந்தேன். ஒரு சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. இதுவரை ஏட்டு நாச்சிமுத்துதான் சோதனை செய்து எழுதிவந்தார். இன்று அவர் திருச்செங்கோட்டு மலைக்கு மொட்டை போடப் போயிருந்ததால் பேனா முதல் முறையாக என் கைக்கு வந்தது. ஐந்தரைக்கே செட்டைப் போட்டு, வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்து, ஆறு மணிக்குத் தாமரையைக் கூப்பிட்டேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் எங்கோ ஒரு மனிதர் இருந்தார். ஒன்று போடலாமா என்று யோசித்தேன். அவர் இரண்டு முறை இருமியது தெரிந்ததால் இரண்டு போட்டேன். லாக்கின் நகலை 6.20 பஸ்ஸில் தாமரைக்கு அனுப்புவது வழக்கம். அதையும் அனுப்பினேன்.

பத்து மணிச் சோதனைக்கு முன்பே ஏட்டையா தலையில் சந்தனத்தோடு வந்து புத்தகத்தைப் பார்த்தார்.

“என்ன தம்பி இப்படிப் பண்ணிப்போட்டீங்க?”

“அப்படித்தான் கேட்டுச்சு ஏட்டையா.”

“கேட்டதையெல்லாமா எழுதுவாங்க?”

பிறகு பொறுமையாக விளக்கினார். 1974 ஏப்ரல் முதல் தேதி நிலையம் திறந்த நாளிலிருந்து இந்தப் புத்தகங்களில் ஐந்தைத் தவிர வேறு எண் கிடையாது. ஐந்துக்குக் குறைந்தால் குறைவொலி அறிக்கை தர வேண்டும். அறிக்கைக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தாமரைதான் தரும். அதே செட்டில் தாமரையைக் கூப்பிட்டு, இந்தச் செட்டில் நாங்கள் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை என்று சொல்ல வேண்டும். தாமரைக்கு அது கேட்டு எண் கொடுத்தால் செட்டில் குறை இல்லை, அறிக்கை தேவையில்லை. கேட்காமல் எண் கிடைக்காவிட்டால் அறிக்கை செல்லாது. ஏட்டையா இந்த விதியை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு ஐந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்.

புதிய செட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய செட்டைக் கண்டம் செய்த பிறகே பிரிக்கவும் என்று பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. ஐந்து எடுக்கும் செட்டை உதவாது என்று யாரும் கண்டம் செய்ய மாட்டார்கள். ஆகவே புதிய செட் இருக்கும் பெட்டியின் மேல் பழைய செட்டை வைத்திருக்கிறோம். உயரம் சரியாக இருக்கிறது.

அப்படியானால் ஒன்பது வருடமாகச் செய்திகள் எப்படிப் போகின்றன என்று கேட்டேன்.

“அதுக்கென்னுங்க, கந்தப்பன் இருக்கறானே,” என்றார் ஏட்டையா.

கந்தப்பன் 6.20 பஸ்ஸின் கண்டக்டர். காலையில் ஒரு நடை, பகல் 2.10க்கு ஒரு நடை டவுனுக்குப் போய்த் திரும்புகிறார். செய்தியைச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தால் தாமரையில் சேர்ப்பார். பதிலை வாங்கி வருவார். லாக்கில் அது வயர்லெஸ் செய்தி என்று பதிவாகும். பஸ் ஒழுங்காக வந்தால் ஐந்து. பஸ் எப்போதும் ஒழுங்காக வரும்.

ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு என் தகுதிகாண் பருவம் முடிகிறது. சேலத்தில் அம்மாவும் அக்கா இன்பமேரியும் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். வேலை நிரந்தரமான ஆணையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சம்மதிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஓலை என்பது ஞாயிறு பூசையில் சாமியார் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. அக்காவுக்கு வயது முப்பது. இந்த நேரத்தில் நான் 2 எழுதியிருக்கிறேன்.

நாளைய வேலை: பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். நான்கு தடவை 5 எழுத வேண்டும்.

7-7-1983, வியாழன்

பிழை: வகுப்பில் ஒரே பக்கத்தை இரண்டு முறை அடித்தேன்.

தாமரையிலிருந்து அவசர வயர்லெஸ் செய்தி வந்தது. பத்து மணி பஸ்ஸில் வந்தது. பஸ் நிற்பதற்கு முன்பே கந்தப்பன் படியில் தொங்கியபடி, “சூசமாணிக்கம், உங்களுக்கு மெமோங்க,” என்று மொட்டப்பாறை முழுதும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அந்தக் குரலுக்கு ஐந்து போடலாம்.

ஒன்பது ஆண்டுகளாக ஐந்து எடுத்த ஒரு செட்டை இரண்டுக்குக் கொண்டுவந்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் கேட்டதை எழுதினேன் என்று விளக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு, கவனக் குறைவாக இருக்கலாம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கடைசியில் எது போனது என்று இப்போது சரியாக நினைவில்லை. முதலாவது என்று நினைக்கிறேன்.

நாளைய வேலை: ஆய்வாளர் வருகைக்காக ஆன்டெனாக் கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

11-7-1983, திங்கள்

பிழை: ஆய்வாளரிடம் செட்டைப் போடட்டுமா என்று கேட்டேன்.

தொழில்நுட்ப ஆய்வாளர் சுப்பையன் வந்தார். நேராக நாற்காலியில் உட்கார்ந்து லாக் புத்தகங்களைக் கேட்டார். செட்டைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒன்பது புத்தகங்களையும் ஒரு மணி நேரம் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். அவர் பேசியதை நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

“செட்டை நான் ஆராய வேண்டியதில்லை. பதிவேட்டை ஆராய்ந்தால் போதும். செட் பொய் சொல்லும். வால்வு பொய் சொல்லும். மழைக்காலத்தில் காற்றே பொய் சொல்லும். இங்கே பதின்மூவாயிரம் தடவைக்கு மேல் ஒரே எண் வந்திருக்கிறது. உண்மையைத் தவிர வேறு எது இவ்வளவு ஒழுங்காக வரும்?”

ஏட்டையா ஆமாங்க என்றார்.

நேர்மையான சோதனை ஒன்றையும் ஆய்வாளர் நடத்தினார். நாங்கள் யாரும் முன்கூட்டி அறியாத செய்தியாக இருக்க வேண்டும் என்று அவரே ஒரு சீட்டில் எழுதினார்: சேந்தமங்கலம் சந்தையில் செவலைக் காளை ஒன்றைக் காணவில்லை, வலது கொம்பு வளைந்தது, கழுத்தில் இரண்டு மணி. இரண்டு மணிக்கு ஏட்டையா செட்டைப் போட்டு, மைக்கைப் பிடித்து, அந்தச் செய்தியை மூன்று முறை சொன்னார். கடுகு வெடித்தது. 2.10க்கு வெளியே ஹாரன் கேட்டது. ஏட்டையா சீட்டை மடித்துக்கொண்டு எழுந்து போனார். ஆய்வாளர் என்ன அது என்று கேட்டார். எழுத்து நகல் என்றேன். தலையசைத்தார்.

“அதுதான் முறை. அலை கண்ணுக்குத் தெரியாதது. கண்ணுக்குத் தெரியாததை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது.”

சாப்பிட்டுவிட்டு அவர் பெஞ்சில் தூங்கினார். ஆறு மணிக்குப் பதில் வந்தது. செய்தி ஓர் எழுத்து குறையாமல் கிடைத்தது என்று தாமரை எழுதியிருந்தது. அதை எழுதியிருந்தது ஆய்வாளரின் சீட்டுக்குப் பின்புறத்தில். அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்தை ஒருமுறை படித்தார். ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை என்று உறுதிசெய்தார். நான்கு மணி நேரம் ஆனதைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அலை மலையைச் சுற்றி வர வேண்டும் அல்லவா என்றார்.

ஜீப்பில் ஏறும்போது, “கோளாறு செட்டில் இல்லை. பதிவேட்டிலும் இல்லை. மிச்சம் இருப்பது தம்பியின் காதுதான். அதற்கு ஆணை வரும்,” என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கு முடிந்த திருப்தி இருந்தது.

நாளைய வேலை: காதில் நல்லெண்ணெய் விடலாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

20-7-1983, புதன், சேலம்

பிழை: டாக்டரிடம் சொல்ல வேண்டாததையும் சொன்னேன்.

துறை குறித்துக் கொடுத்த காது டாக்டர் சேலத்தில் இருக்கிறார். கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். அவர் சுவர்வரை போன பிறகும் கேட்கிறது என்றேன். திரைக்குப் பின்னால் நின்று குரலை மிகத் தாழ்த்திச் சில சொற்கள் சொன்னார். மாம்பழம், ரயில், மேட்டூர் என்று அப்படியே திருப்பிச் சொன்னேன். இந்த ஆள் போனதும் டீ சொல்லலாம் என்று கம்பவுண்டர் வாசலில் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். டாக்டர் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். இரு காதும் மிக நன்று என்று சான்றிதழ் எழுதினார்.

வீட்டுக்குப் போனேன். அம்மா சான்றிதழை வாங்கி மாதா படத்தின் முன் வைத்தார். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, “வீட்டுல பத்து தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்ட. உனக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்காரு,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஓலை பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

நாளைய வேலை: மாலை ஆறு மணிச் சோதனைக்குள் மொட்டப்பாறை போய்ச் சேர வேண்டும்.

28-7-1983, வியாழன்

இன்றைய பிழையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் எழுதுகிறேன்.

சான்றிதழைப் பார்த்து ஆய்வாளர் மகிழவில்லை. மறுபடி ஜீப்பில் வந்தார். செட் நன்று, பதிவேடு நன்று, காது மிக நன்று. அப்படியானால் 2 எங்கிருந்து வந்தது? ஒரு மணி நேரம் யோசித்து, பேனாவிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார். எழுத்துப் பிழைக்கு விதி பதினேழு இருக்கிறது. தவறான எண்ணின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், எழுதியவரின் சுருக்கொப்பம், தேதி. ஒரு பதிவை ஒரு முறைதான் திருத்தலாம். திருத்தியதைத் திருத்தக் கூடாது.

எனக்குக் கேட்டது இரண்டுதான் ஐயா என்றேன். அதை மிகத் தாழ்ந்த குரலில் சொன்னேன், அவருக்கு அது எந்த எண்ணில் கேட்டதோ தெரியாது. ஆனால் பதில் சொன்னார்.

“இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி, கேட்டது உங்கள் சொந்த விஷயம். எழுதியது துறையின் விஷயம். துறை உங்கள் சொந்த விஷயத்தில் தலையிடாது.”

பிறகு, நிரந்தர ஆணைக்கான பட்டியல் தன் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் தகவலாகச் சொன்னார்.

ஏட்டையா பேட்டரியைப் பார்க்க வெளியே போய்விட்டார். பேட்டரி உள்ளே இருந்தது. நான் கோடு போட்டேன். 5 எழுதினேன். சூ.மா. என்று சுருக்கொப்பம் இட்டேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றைய பிழை என்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

மாலை வகுப்பில் ஒரு பக்கம் முழுதும் பிழையே இல்லாமல் அடித்தேன். டீச்சர் அதை எல்லோருக்கும் காட்டினார்.

நாளைய வேலை: வழக்கம்போல.

11-8-1983, வியாழன்

பிழை இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

ஒன்பதாம் தேதி காலையில் கந்தப்பனின் பஸ் வரவில்லை. பாடி வேலைக்காகத் திருச்செங்கோட்டில் பட்டறையில் நிற்பதாகப் பால்காரர் சொன்னார். பத்தாம் தேதியும் வரவில்லை. நாங்கள் இரண்டு நாளும் செட்டில் கூப்பிட்டோம், செய்திகளைச் சொன்னோம், 5 எழுதினோம். தாமரைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

இன்று காலை ஜீப்பில் ஆணை வந்தது. அல்லி நிலையத்துச் செட் ஒன்பதாம் தேதி காலை 6.20 மணி முதல் முற்றிலும் பழுது என்று தாமரை கண்டுபிடித்திருந்தது. நிமிடம்கூடச் சரியாக இருந்தது. இரண்டு நாளாக எழுத்து நகல் வராததைத் துறை தன் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் குறைவொலி அறிக்கையும் தேவைப்படவில்லை. பழைய செட்டைக் கண்டம் செய்து புதியதை உடனே பொருத்தச் சொல்லியிருந்தார்கள்.

மாலை ஆறு மணிச் சோதனையைப் பழைய செட்டில் முடித்து, கடைசி முறையாக 5 எழுதி, அதைத் தரையில் இறக்கினோம். பெட்டியைப் பிரித்தோம். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் சிறிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. கூடவே வந்த கையேடு அதைவிடப் பெரியது. வால்வு கிடையாது. சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏட்டையா நம்பிக்கையில்லாமல் பத்து நிமிடம் காத்திருந்தார்.

“தாமரை, தாமரை, அல்லி.”

“சொல்லுங்க அல்லி.”

ஏட்டையா திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, சின்னண்ணனுங்களா?”

“ஆமாங்க. நீங்க நாச்சிமுத்துங்களா? கொரலு சன்னமா இருக்குதுங்களே. கையெழுத்தப் பாத்து நல்ல ஓங்குதாங்கான ஆளுன்னு நெனச்சிருந்தனுங்க.”

சின்னண்ணன் தாமரையின் ஆபரேட்டர். இருவரும் ஒன்பது வருடமாக ஒரு நாளைக்கு நான்கு முறை பேசிக்கொண்டதாகப் புத்தகத்தில் இருக்கிறது. சின்னண்ணனின் பெண் சடங்குக்கு ஏட்டையா பஸ்ஸில் பலாப்பழம் அனுப்பியிருக்கிறார். குரலை இன்றுதான் கேட்கிறார்கள். ஏட்டையாதான் முதலில் கேட்டார்.

“இருமல் தேவலைங்களா?”

“இருமலா? அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?”

“எங்க தம்பி சொன்னாருங்க. ஜூலை நாலாந்தேதி காலைல ரெண்டு தடவை இருமுனீங்களாமா.”

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தம் இல்லை. புதிய செட்டில் சத்தம் இல்லாததும் தெளிவாக இருக்கிறது.

“நெசந்தானுங்க. அன்னிக்கு எனக்கு நல்ல இருமல். அந்தச் செட்டுல அது கேட்டுச்சுங்களா?”

ஏட்டையா என்னைப் பார்த்தார். நான் லாக் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் இருமலுக்குக் கட்டம் இல்லை.

நாளைய வேலை: பழைய செட்டை எங்கே வைப்பது என்று கேட்டு எழுத வேண்டும்.

15-8-1983, திங்கள்

பிழை: கொடியேற்றும்போது சல்யூட்டைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டேன்.

சுதந்திர தினத்தோடு புதிய செட்டின் தொடக்க விழாவும் நடந்தது. பழைய செட்டுக்கு இடம் ஒதுக்கி ஆணை வராததால் அதற்கும் மாலை போட்டோம். ஆய்வாளர் தாளைப் பார்த்துப் படித்தார். காலத்துக்கேற்ற மாற்றம், குற்றவாளிகள் இனி நடுங்குவார்கள், விஞ்ஞானம் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் புள்ளிவிவரத்துக்கு வந்தார்.

“இந்த நவீனக் கருவியால் அல்லி நிலையத்தின் ஒலித்தெளிவு ஐந்திலிருந்து ஐந்துக்கு உயர்ந்திருக்கிறது.”

எல்லோரும் கைதட்டினோம். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து நின்ற கந்தப்பன் எல்லோருக்கும் முன்னால் தட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து, இனிமேல் காலையில் ஹாரன் அடிக்க வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டார். லாக் நகல் இன்னும் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று சொன்னதும் முகம் தெளிந்தது.

நாளைய வேலை: மாலையைக் கழற்ற வேண்டும்.

6-9-1983, செவ்வாய்

பிழை: முதல் தேதியன்று நிரந்தர ஆணை வந்த மகிழ்ச்சியில் ஐந்து நாள் நாட்குறிப்பு எழுதவில்லை.

ஆணையைச் சனிக்கிழமை அம்மாவிடம் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கையில் வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்து, செப்டம்பர் 25 முதல் ஓலை வாசிக்கலாம் என்றார்கள். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

நேற்று தணிக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. பழைய செட் ஒன்பது ஆண்டுகளாக ஐந்து. புதிய செட்டும் ஐந்து. அப்படியானால் புதியதை ஏன் வாங்கினீர்கள்?

இன்று ஆய்வாளர் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இந்த முறை செட்டையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அது எனக்குப் பயமாக இருந்தது. புதியதைக் கூட்ட முடியாது, ஐந்துக்கு மேல் எண் இல்லை. ஆகவே பழையதைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை அவர் உரக்கவே யோசித்தார்.

“ஒன்று என்று போட்டால் ஒன்பது வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நான்கு என்றால் இன்னும் நான்கு வருடம் ஓட்டியிருக்கலாமே என்பார்கள். மூன்று பாதிக்கு மேல், இரக்கம் வராது. இரண்டு. ஆமாம், இரண்டுதான். என் இருபது வருட அனுபவம் சொல்கிறது, அந்தச் செட்டில் இரண்டுக்குமேல் கேட்டிருக்கவே முடியாது.”

ஏட்டையா என் பக்கம் திரும்பாமல் ஆமாங்க என்றார்.

எல்லாம் விதி பதினேழின்படி நடக்க வேண்டும். 1974 ஏப்ரல் 1 முதல் இந்த ஆகஸ்ட் 11 வரை 3,420 நாள். இரண்டு லீப் வருடங்களையும் சேர்த்து இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். நாளைக்கு நான்கு வீதம் 13,680 பதிவுகள். அதில் ஒன்றில் ஏற்கெனவே சிவப்பு மை இருக்கிறது. திருத்தியதைத் திருத்தக் கூடாது என்று நினைவுபடுத்தினேன். ஆய்வாளர் அந்தப் பக்கத்தை எடுத்து, கோடு போட்ட 2ஐயும் அதன் பக்கத்தில் என் 5ஐயும் பார்த்தார்.

“விதி விதிதான். அது அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு ஐந்து. யார் பார்க்கப்போகிறார்கள்?”

நாளைய வேலை: கந்தப்பனிடம் சொல்லி டவுனிலிருந்து சிவப்பு மை ஆறு புட்டி வாங்க வேண்டும். 13,679 பதிவுகள்.

24-9-1983, சனி

பிழை: 1979 பிப்ரவரியில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். பிறகு கண்டுபிடித்துத் திருத்திவிட்டோம்.

திருத்தம் இன்று முடிந்தது. ஏட்டையாவின் வலது கட்டைவிரல் சிவந்துவிட்டது. எனக்கு முன்னால் இங்கே இருந்துவிட்டுப் போனவர்களின் பதிவுகளுக்கு அவரே அவரவர் பெயரால் சுருக்கொப்பம் இட்டார். ஒருவர் இப்போது திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரி ஏஜென்டாக இருக்கிறாராம். அவருடைய ஒப்பத்தைக் கொஞ்சம் பகட்டாகப் போட்டார்.

கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு ஏட்டையா பேனாவை மூடினார். “இத்தனை வருசத்துல இப்பத்தானுங்க தம்பி உள்ளதை எழுதியிருக்கறோம்,” என்றார். அது உண்மைதான்.

நாளைய வேலை: காலை 6.20 பஸ். சேலத்தில் இரண்டாம் பூசைக்குள் கோவிலில் இருக்க வேண்டும். முதல் ஓலை.

4-10-1983, செவ்வாய்

பிழை எது என்பதைத் தாமரையே இன்று சொல்லிவிட்டது.

இரண்டாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை வாசித்தாகிவிட்டது. அக்காவின் பெயரைச் சாமியார் சொன்னபோது முன்வரிசையில் யாரோ யார் இந்தப் பெண் என்று கேட்டது எனக்குக் கேட்டது. மூன்றாவது வரும் ஒன்பதாம் தேதி. அதற்கு மாப்பிள்ளை வீட்டார் முழுக் குடும்பமாக வருகிறார்கள்.

மாலை ஆறு மணிச் சோதனைக்குத் தாமரையைக் கூப்பிட்டேன். சின்னண்ணன்தான் பேசினார்.

“தம்பி, நீங்களேதானுங்களா? ஏட்டு இல்லீங்களா?”

“நான்தாங்க. சொல்லுங்க.”

“ஒரு மெமோ இருக்குதுங்க. உங்களுக்குத்தான். நான் நிதானமாப் படிக்கறேன், எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். தணிக்கையில் 13,680 பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக எல்லா ஆபரேட்டர்களுக்கும் எல்லா நேரத்திலும் இரண்டாகவே கேட்ட ஒரு செட்டில், 4-7-1983 காலை ஆறு மணிக்குத் தகுதிகாண் ஆபரேட்டர் சூசைமாணிக்கத்துக்கு மட்டும் ஐந்தாகக் கேட்டது எப்படி? முதலில் சரியாக இரண்டு என்று எழுதிவிட்டு, பிறகு தன்னிச்சையாக அதை ஐந்தாகத் திருத்தியது ஏன்? அவருடைய காதை மீண்டும் பரிசோதித்துச் சான்று அனுப்ப வேண்டும். அதுவரை அவருடைய நிரந்தர ஆணை நிறுத்திவைக்கப்படுகிறது. கையொப்பம், சுப்பையன், தொழில்நுட்ப ஆய்வாளர்.

“கேட்டுச்சுங்களா தம்பி?” என்றார் சின்னண்ணன்.

“கேட்டுச்சுங்க.”

“என்னால சொல்லத்தான் முடியுமுங்க. அன்னிக்கு நான் இருமுனேன்னு எழுதிக் கொடுக்கட்டுங்களா?”

வேண்டாம் என்றேன். ஒருவேளை வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. லாக்கில் இந்த நேரத்துக்கான எண்ணைப் போட வேண்டியிருந்தது. அவர் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. 5 என்று எழுதினேன்.

ஏட்டையா குளித்துவிட்டு வந்ததும் மெமோவைக் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு உட்கார்ந்தார். காது நன்றாக இருக்கிறது என்று சான்று வந்தால் எனக்கு நல்லதா, கெட்டுவிட்டது என்று வந்தால் நல்லதா என்று கேட்டேன். நல்ல காதாக இருந்தால் இரண்டை எப்படி ஐந்தாகக் கேட்டேன் என்று கேட்பார்கள். கெட்ட காதாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏட்டையா தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

“டாக்டரு என்ன வேணா எழுதட்டுங்க தம்பி. நீல மையில எழுதச் சொல்லுங்க. அப்பத்தான் பின்னால ஒரு தடவை திருத்திக்கலாம்.”

வகுப்புக்குப் போகவில்லை.

நாளைய வேலை: ஆறு மணிச் சோதனையை ஏட்டையா பார்த்துக்கொள்வார். 6.20 பஸ். பத்து மணிக்குச் சேலத்தில் காது டாக்டர். ஜூலை மாதச் சான்றிதழ் மாதா படத்தின் முன் இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நீல மைப் பேனா ஒன்று கொண்டுபோக வேண்டும்.